ஜித்வார்பூர் சீதா தேவி

பீகார் மாநிலத்தின் வடக்கில் மதுபனி என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதற்கு வடக்கே நேபாள எல்லை. அந்த வட்டாரம் முழுவதையும் மிதிலை என்பார்கள். ராமாயணத்தில் சீதை பிறந்த மண் அது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. மதுபனிக்குப் பக்கத்தில் உள்ள ஊர் ஜித்வார்பூர். அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர் சீதா தேவி. அவர் பிறந்தது 1914இல்.

நம் ஊரில் பெண்கள் வாசலில் கோலம் போடுகிறார்கள். மிதிலையிலும் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் கோலம் போடுவார்கள். அதற்கு அரிபன் என்று பெயர். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. கல்யாணம் என்றால் வீட்டின் மண் சுவரிலேயே படம் எழுதுவார்கள். மணமக்கள் தங்கும் அறைக்கு கோபர் என்று பெயர். அந்த அறைச் சுவரில் தாமரை, மூங்கில், மீன், ஆமை, கிளி எல்லாம் இருக்கும். தாமரையும் மூங்கிலும் குடும்பம் தழைப்பதைக் குறிக்கும்.

முன்பெல்லாம் இதற்குக் கடையில் சாயம் வாங்க மாட்டார்கள். விளக்குக் கரியில் கறுப்பு. மஞ்சளில் மஞ்சள் நிறம். அரிசி மாவில் வெள்ளை. இலைச் சாற்றில் பச்சை. மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றினால் அதுதான் தூரிகை. அம்மாவும் பாட்டியும் எழுதுவதைப் பார்த்துப் பெண் குழந்தைகள் கற்றுக்கொள்வார்கள். கல்யாணம் முடியும். மழை பெய்யும். சுவர் உதிரும். படமும் போகும். யார் எழுதியது என்று யாரும் கேட்பதில்லை. சுவரில் பெயர் எழுதும் வழக்கமும் இல்லை.

1934இல் பீகாரில் பெரிய பூகம்பம் வந்தது. வீடுகள் இடிந்தன. சேதத்தைப் பார்வையிட வில்லியம் ஆர்ச்சர் என்ற வெள்ளைக்கார அதிகாரி போனார். இடிந்த வீடுகளின் உட்சுவர்களில் இருந்த படங்களைப் பார்த்து அசந்து போனார். அவற்றைப் புகைப்படம் எடுத்தார், பிறகு அவற்றைப் பற்றி எழுதினார். அது வரையில் வெளி உலகத்துக்கு இந்தப் படங்களைப் பற்றித் தெரியாது. ஆனால் அதனால் அந்தப் பெண்களுக்கு ஒரு வரும்படியும் வந்துவிடவில்லை.

1966இல் மழை பொய்த்தது. பீகாரில் கடும் பஞ்சம். வயலில் வேலை இல்லை, வீட்டில் தானியம் இல்லை. அப்போது கைவினைத் துறையில் பொறுப்பில் இருந்தவர் புபுல் ஜெயகர் அம்மையார். அவர் பாஸ்கர் குல்கர்னி என்ற ஓவியரை மதுபனிக்கு அனுப்பினார். குல்கர்னி காகிதக் கட்டுகளுடன் வந்தார். "சுவரில் எழுதுவதை இதில் எழுதுங்கள், விற்றுத் தருகிறோம்" என்பதுதான் ஏற்பாடு.

சொல்வதற்கு எளிது. கல்யாணத்துக்கு எழுதும் மங்கலமான படத்தைக் காசுக்கு எழுதலாமா? வீட்டுப் பெண்கள் சம்பாதிக்கலாமா? பலர் தயங்கினார்கள். துணிந்து முதலில் காகிதத்தைக் கையில் எடுத்த சிலரில் சீதா தேவியும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 52. இனிமேல் என்ன புதிதாகக் கற்பது என்று பலர் சொல்லும் வயது அது.

சுவர் வேறு, காகிதம் வேறு. சுவரில் கை நீட்டி எழுதலாம். காகிதத்தில் இடம் குறைவு. சீதா தேவி அதற்கும் கையைப் பழக்கினார். அவர் எழுதிய முறைக்கு பர்னி என்று பெயர். முதலில் கறுப்புக் கோட்டில் உருவம். பிறகு உள்ளே நிறைய வண்ணம். கிருஷ்ணனும் ராதையும் பெரிய பெரிய கண்களோடு இருப்பார்கள். 1969இல் பீகார் அரசு அவருக்கு விருது கொடுத்தது. 1975இல் தேசிய விருது, 1981இல் பத்மஸ்ரீ. அவருடைய படங்கள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன.

காகிதத்தில் வந்த பிறகுதான் படத்தில் பெயரும் வந்தது. வாங்குகிறவர்கள், யார் எழுதியது என்று கேட்டார்கள். பெண்கள் படத்தின் ஓரத்தில் தங்கள் பெயரை எழுதத் தொடங்கினார்கள். காலங்காலமாகப் பெயர் இல்லாமல் எழுதிய கைகள் அவை. ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்து சாதாரணமானது அல்ல.

விருது வாங்கிய பிறகு ஒருவர் தன் வீட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்துவிடலாம். சீதா தேவி அப்படி இருக்கவில்லை. தொழிலைத் தன் வீட்டுக்குள் பூட்டி வைக்கவும் இல்லை. ஊர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். போட்டிக்கு ஆள் சேருமே என்று அவர் நினைக்கவில்லை போலும். அதோடு, தனக்குக் கிடைத்த மதிப்பை ஊருக்காகச் செலவழித்தார். பெரிய மனிதர்களைப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவர்களிடம் ஜித்வார்பூருக்குச் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று கேட்டார். இவை ஊருக்கு வர அவர் பாடுபட்டார். பெண்கள் எழுதப் படிக்க வேண்டும், சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்பதிலும் அக்கறை காட்டினார்.

எல்லாம் நல்லபடியாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. படத்துக்குக் கிராக்கி வந்ததும் தரகர்களும் வந்தார்கள். ஒரே படத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார்கள். குறைந்த விலைக்கு வாங்கி நகரத்தில் அதிக விலைக்கு விற்றார்கள். நகரத்தில் என்ன விலை என்று தெரியாத பெண்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. முதலில் மேல்சாதி என்று சொல்லப்பட்ட வீட்டுப் பெண்களின் படங்களே வெளியே தெரிந்தன. 1970களில் ஜித்வார்பூரின் தலித் பெண்களும் காகிதத்தை எடுத்தார்கள். அவர்கள் உடம்பில் பச்சை குத்திக்கொள்ளும் உருவங்களையே படமாக்கினார்கள். அதற்கு கோத்னா என்று பெயர். ஒரே ஊரில் புதிதாக ஒரு பாணியே பிறந்தது.

சீதா தேவி 2005இல் காலமானார். வயது 91. இதே ஜித்வார்பூரில் ஜகதம்பா தேவிக்கு 1975இலும், பௌவா தேவிக்கு 2017இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு சின்ன ஊரில் மூன்று பெண்கள்! 2017இல் மதுபனி ரயில் நிலையத்தின் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியர்கள் கூடிப் படம் எழுதினார்கள். அழுக்கடைந்து கிடந்த நிலையம் அது. இப்போது ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

கலந்து பேசுங்கள்

உங்கள் ஊரில் பெண்கள் கையால் செய்யும் பொருள் எது? பாயா, கூடையா, பூத்தையலா? அதை யார் வாங்குகிறார்கள்? சந்தையில் என்ன விலைக்குப் போகிறது? விசாரித்து எழுதி வாருங்கள்.

ஒரு கூடையைத் தரகர் 40 ரூபாய்க்கு வாங்கி 110 ரூபாய்க்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கூடைக்கு அவருக்கு எவ்வளவு மிச்சம்? அதில் அவருடைய வண்டிச் செலவு எவ்வளவு இருக்கும்?

சாலையோ தண்ணீரோ வேண்டும் என்று உங்கள் ஊரிலிருந்து மனு கொடுத்தது உண்டா? கொடுத்தது யார், பிறகு என்ன ஆனது?