அறியா வினாவும் அறிந்தோர் விடையும்

முன்னுரை

வினாவே கல்வியின் வாயில். அவ்வாயிலில் வந்து நிற்பவரை அறிந்தோர் எவ்வாறு எதிர்கொள்ளுதல் வேண்டும் என்பது பழைய சிக்கலே. இன்று கணினி நிரல் எழுதக் கற்போரிடையே அது புதிய வடிவில் எழுந்துள்ளது. உலகெங்குமுள்ள நிரலாளர் வினவவும் விடையளிக்கவும் 2008ஆம் ஆண்டில் தோன்றியது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் இணையக் களம். புதியோர் பலர் அங்குத் தமக்கு வரவேற்பில்லை என உணர்வதை 2018இல் அந்நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அவ்வாண்டிலேயே புதிய நடத்தை நெறியையும் வகுத்தது. இச்சிக்கலுக்கு நம் இலக்கண மரபு தரும் விளக்கத்தை ஈண்டுக் காண்போம்.

வினாவின் சிறப்பு

நன்னூலில் பவணந்தி முனிவர் வினாவை அறுவகைப்படுத்துகின்றார். விடை தெரிந்தே ஆசிரியர் மாணவரை வினவுவது அறிவினா. அறியாதார் அறிந்தாரை வினவுவது அறியா வினா. ஆறனுள் எதனையும் அவர் தள்ளவில்லை. இசுலாமியத் தமிழ்ப் புலவர்களோ வினாவையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்தனர். மசலா என்னும் அரபுச் சொல் வினாவைக் குறிப்பது. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப் பரிமளப் புலவரின் ஆயிர மசலா, வினாவும் விடையுமாகவே அமைந்த நூல். வினவுதல் இழிவாகக் கருதப்பட்டிருப்பின் இத்தகைய நூல்கள் தோன்றியிரா.

விடையின் இலக்கணம்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பைத்தான் மொழியைப் புதிதாகக் கற்பவர், "5, 7 ஆகியவற்றை உள்ளீடாகப் பெற்றுக் கூட்டினேன்; 12 வராமல் 57 வருகின்றதே, ஏன்?" என வினவுகின்றார். விசைப்பலகை வழிப் பெறும் உள்ளீட்டை அம்மொழி எண்ணாகக் கொள்ளாது எழுத்துத் தொடராகவே கொள்ளும். ஆதலின் கூட்டற்குறி இரண்டையும் ஒட்டி வைக்கின்றது. எண்ணாக மாற்றிய பின்னரே கூட்டுதல் வேண்டும்.

இவ்வினாவுக்கு, "எனக்கும் முதலில் 57 வந்தது, உள்ளீட்டை எண்ணாக மாற்றியபின் சரியாயிற்று" என்பது உற்றது உரைத்தல். "பெற்ற மதிப்பு எவ்வகையது என அச்சிட்டுப் பார்த்தீரா?" என்பது வினா எதிர் வினாதல். "நீயே கையேட்டில் தேடு" என்பது ஏவல். நன்னூலார் கூறும் எண்வகை விடைகளுள் இவையும் அடங்கும். ஆயினும் இத்தகைய மறைமுக விடைகளை அவர் ஏற்பதற்குக் காரணம் ஒன்றுண்டு: அவை வினவிய பொருளைக் குறிப்பாகவேனும் உணர்த்துகின்றன. "உள்ளீடு பற்றிய பகுதியில் வகை மாற்றத்தைக் காண்க" என ஏவின் அது விடை. "இதுகூடத் தெரியாதா?" என்பது வினாவின் வடிவில் இருப்பினும் எப்பொருளையும் தாராது, ஆகவே அது விடையே அன்று.

இருசாரார் கடமை

வினவுவோர்க்கும் கடமை உண்டு. எழுதிய நிரல், கணினி காட்டிய பிழைச்செய்தி, எதிர்பார்த்த பயன், தாம் செய்து பார்த்த முயற்சி ஆகிய நான்கையும் தெரிவித்தல் வேண்டும். 2001இல் எரிக் ரேமண்டு வெளியிட்ட கட்டுரை வினவும் நெறியை விரித்துரைப்பது. அதுவே, விடையளிப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறியையும் கூறுகின்றது.

தமிழும் பிரெஞ்சும் ஆங்கிலமும் வழங்கும் நம் புதுச்சேரியில் இது சிறப்பாக எண்ணத்தக்கது. தமிழ்வழி பயின்று வந்த மாணவர் ஒருவர் திருத்தமற்ற ஆங்கிலத்தில் வினவலாம். மொழிப்பிழை அறிவுப்பிழை ஆகாது. முதல் வினாவிலேயே நகைக்கப்பட்டவர் இரண்டாம் வினாவை எழுப்பார். சிலர் அத்துறையையே துறப்பர். புதுச்சேரியிலும் அண்டையிலுள்ள விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் மாணவரோடு நேரில் கூடித் தமிழிலேயே பேசிக் கற்பிப்பது இக்குறையைப் போக்கும் நல்வழியாகும்.

முடிவுரை

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர்ப் புதியோர் பலர் இயந்திரத்திடமே வினவுகின்றனர். அது சினவாது, நகையாது. ஆயினும் பிழையையும் உறுதிபோலக் கூறவல்லது. அதனைத் திருத்த அறிந்த மனிதர் வேண்டும். இன்று அறியா வினா எழுப்புபவரே நாளை அவ்விடத்தில் அமர வேண்டியவர். அவரைக் கடிந்து விரட்டினால் நாளைய விடையாளரை நாம் இழப்போம். அறிந்தோர் யாவரும் ஒருநாள் அறியாதவராய் நின்று வினவியவரே என்பதை மறவாது, பொருள் தரும் விடையைப் பொறுமையுடன் நல்குதலே கற்றோர்க்குக் கடனாகும்.