சின்ன வீட்டுக்கு எதுக்கு சாயில் டெஸ்ட்?

தி.நகர், மேற்கு மாம்பலம் பக்கம் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள் பலருக்கு ஒரு நம்பிக்கை: சாயில் டெஸ்ட் என்பது அடுக்குமாடிக்கு, தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட மேஸ்திரி கண்ணால் பார்த்தாலே போதும். 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நினைத்தால், உயரம்தான் ஆபத்து என்று தோன்றுவது இயல்பே. ஆனால் களிமண்ணில் கணக்கு தலைகீழ். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண், மேலே இருப்பதைத் தூக்கப் பார்க்கும். கனமான கட்டடம் தன் எடையால் அதை அமுக்கி வைக்கும். அதன் பைலும் (மண்ணுக்குள் இறக்கும் அஸ்திவாரத் தூண்) ஆழத்துக்குப் போயிருக்கும். எடையில்லாத சின்ன வீடு, போர்ட்டிகோ, காம்பவுண்டுச் சுவர் இவைதான் முதலில் விரிசல் விடும். குளிர்நாடுகளில் மண்ணிலுள்ள நீர் உறைந்து இதே வேலையைச் செய்கிறது. டொராண்டோவில் அஸ்திவாரத்தை 1.2 மீட்டருக்குக் கீழே இறக்குவது அதனால்தான். நமக்கு உறைபனி வேண்டாம், ஐப்பசி மழையே போதும்.

சென்னை மண் ஒரே மாதிரி இல்லை. சாந்தோம், அடையாறு, திருவான்மியூர் பெரும்பாலும் மணல், கிண்டி, வேளச்சேரிப் பக்கம் பாறை, தி.நகரும் மேற்கு மாம்பலமும் களிமண். 1920களில் தி.நகர் உருவானதே பழைய பெரிய ஏரியைத் தூர்த்த நிலத்தில்தான். லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்த மண்ணை மே மாதத்தில் தோண்டினால் கடப்பாரை இறங்காது, ‘கெட்டி மண் சார்’ என்பார் மேஸ்திரி. அது வறட்சியின் கெட்டி. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு அடிகளை எண்ணும் எஸ்.பி.டி. சோதனையும் காய்ந்த களிமண்ணில் நல்ல எண்ணிக்கையே காட்டும். ஆகவே அதை மட்டும் செய்து அறிக்கை வாங்குவது பாதி வேலை.

மீதிப் பாதி மிக எளிது. உலர்த்திச் சலித்த மண்ணில் பத்துப் பத்து கிராம் எடுத்து, 100 மி.லி. அளவு ஜாடிகள் இரண்டில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் களிமண் உப்பாது. ஒரு நாள் கழித்து, தண்ணீர் ஜாடியில் மண் எத்தனை சதவீதம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். இந்தியத் தரவிதிப்படி 50க்குக் கீழே என்றால் கவலையில்லை. 100ஐத் தாண்டினால் சாதாரண அஸ்திவாரம் போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

‘பக்கத்து வீடு அம்பது வருஷமா நிக்குதே’ என்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த வீட்டைச் சுற்றித் தோட்டமும் மரமும் இருந்தபோது மண்ணின் ஈரம் ஒரு நிலையில் நின்றிருக்கும். நீங்களோ மரத்தை வெட்டி, சுற்றிலும் டைல்ஸ் போடுகிறீர்கள். மரம் உறிஞ்சிக்கொண்டிருந்த நீர் இனி மண்ணிலேயே தங்கும், மண் மெல்ல உப்பும். களிமண்ணை வாரிவிட்டு மணல் நிரப்பினால் சரியாகிவிடும் என்பதும் அரைகுறை. சுற்றிலும் களிமண் இருக்கும் குழியில் மணலைக் கொட்டினால், அது மழைநீரைத் தேக்கும் தொட்டியாகி அடிமண்ணை மேலும் நனைக்கும். (மழைக்காலத்தில் கதவு பிடித்தால் உடனே அஸ்திவாரத்தைச் சந்தேகிக்க வேண்டாம், மரமும் ஊறும், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலைப் பாருங்கள்.)

உப்பும் மண் என்று தெரிந்தால் வழி இருக்கிறது. ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சி.பி.ஆர்.ஐ.) வளர்த்தெடுத்த அண்டர் ரீம்ட் பைல், அடியில் குமிழ் போல அகன்றிருக்கும். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறாத ஆழத்தில், சுமார் மூன்றரை மீட்டருக்குக் கீழே, அது பிடித்துக்கொள்ளும். மேலே பைல்களை இணைக்கும் பீமுக்கும் தரைக்கும் நடுவே 80 மி.மீ. இடைவெளி விடுவார்கள், மண் உப்பினாலும் பீமில் முட்டாமலிருக்க. வேலை முடிந்ததும் ‘என்ன சார் சந்து’ என்று யாராவது அதில் இடிபாட்டு மண்ணைக் கொட்டி அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.