விளங்கிச்சுதா என்று கேட்க வேண்டாம்

அன்புள்ள பிள்ளை,

தை மாதம் முல்லைத்தீவுக்கு வந்து மூன்று மாதம் ஆங்கிலம் படிப்பிக்கப் போகிறீர் என்று அம்மா சொன்னா. "ஆங்கிலம் அவளுக்குத் தண்ணிபட்ட பாடு சேர், தமிழ்தான் தட்டுத்தடுமாறும். பிள்ளைகளோட எப்படிச் சமாளிப்பாளோ" என்று அவவுக்குக் கவலை. இது உம்முடைய அம்மம்மாவின் ஊர்தான். ஆனாலும் ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்தவருக்கு இங்கத்தை வகுப்பறை வெளிநாடுதான். அம்மாவுக்கு ஆங்கிலம் படிப்பித்தவன் என்ற உரிமையில் சில விஷயம் எழுதுகிறேன். அவவையே வாசித்துக் காட்டச் சொல்லும்.

முதல் நாள் ஆறாம் தரத்துக்குள் போனதும் பிள்ளைகள் எழும்பி நின்று "குட் மோர்னிங் ரீச்சர்" என்று ஒரே குரலில் சொல்லுவார்கள். பாடம் முடிய "விளங்கிச்சுதா?" என்று கேட்டால், அதே குரலில் "ஓம் ரீச்சர்" வரும். அதை நம்ப வேண்டாம். விளங்கவில்லை என்று சொன்னால் ரீச்சருக்கு மரியாதைக் குறைவு என்று பாதிப் பேர் நினைப்பார்கள். பக்கத்தில் இருப்பவன் பகிடி பண்ணுவான் என்று மிச்சப் பேர் பயப்படுவார்கள். அதனால் கேட்காதையும், செய்யச் சொல்லும். "சிவப்புப் பென்சிலை எடுத்து யன்னலில் வை" என்று ஆங்கிலத்தில் சொல்லிப்போட்டுப் பேசாமல் நில்லும். யார் உடனே எழும்புகிறார், யார் அடுத்தவரைப் பார்த்து எழும்புகிறார் என்று கவனித்தாலே போதும். வாய் திறக்காத பிள்ளைக்கும் எவ்வளவு விளங்குகிறது என்று உமக்குத் தெரிந்துவிடும்.

அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் எண்ண வேண்டாம். இலங்கைப் பள்ளிக்கூடங்களில் மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடம். சொற்கள் நிறையத் தெரியும். அவற்றை வைத்துக் கதைக்க வீட்டில் ஆள் இல்லை. இன்றைய தாய் தகப்பன் பலருக்கு, போரின் கடைசிக் காலமான 2008, 2009 இல் பள்ளிக்கூட வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கடைசியில் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் கொட்டகைக்குள் இருந்து படித்தவர்கள் அவர்கள். பலரின் படிப்பு அதோடு நின்றுபோனது. வீட்டுவேலை செய்யாமல் வரும் பிள்ளையில் கோபப்பட முன்னம் இதை நினைத்துக்கொள்ளும்.

"என் குடும்பம்" என்று எழுதச் சொல்லுவது ஆங்கில வகுப்பில் வழக்கமான பயிற்சி. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 இலிருந்து போராடிவரும் மாவட்டம் இது. "அப்பா" என்று ஒரு சொல்லைக் கேட்டால் பதிலுக்கு என்ன வரும் என்று எங்களுக்கே தெரியாது. அதற்குப் பதிலாக "உன் வீட்டில் யார் நல்லாய்ச் சமைப்பினம்?" என்று கேட்டுப் பாரும். இருப்பவர்களைப் பற்றி எழுதுவார்கள். இல்லாதவரைப் பற்றி எழுத விரும்பும் பிள்ளை தானாகவே எழுதும்.

இனிப் பிழைகள். "ஐ ஆம் ரூ பிரதர்ஸ்" என்று ஒரு பெடியன் சொன்னால் சிரிப்பு வரும். ஆனால் அவன் மனதில் ஓடுவது "எனக்கு இரண்டு அண்ணன்மார் இருக்கினம்" என்ற வசனம். உடைமையைச் சொல்ல ஆங்கிலத்தில் "ஹாவ்" இருக்கிறது; தமிழில் அந்த வேலையையும் "இரு" என்ற வினையே பார்க்கிறது. அவன் அதைத்தான் கொண்டுவந்து வைத்தான். "கிவ் மீ பென்" என்று ஒரு பிள்ளை கைநீட்டினால் கனடாக் காதுக்கு அதிகாரம் மாதிரிக் கேட்கும். எங்கள் மரியாதை "தாங்கோ" என்ற வினையின் வாலில் ஒட்டியிருக்கிறது. தனியாக ஒரு "பிளீஸ்" போடும் பழக்கம் இல்லை. அதிகாரம் அல்ல, பழகாத இடம், அவ்வளவுதான். இந்த அளவுக்குத் தமிழ் பிடிபட்டால், எந்தப் பிழை எங்கே வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவீர்.

உமக்குத் தமிழ் குறைவு என்பதை மட்டும் மறைக்க வேண்டாம். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். நாங்கள் பேனையைத் தூக்கிக் காட்டி "வட் இஸ் திஸ்?" என்று கேட்டால், அது பேனை என்று எங்களுக்குத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். அது கேள்வியே அல்ல. பதில் சொல்ல அவர்களுக்கு ஒரு தேவையும் இல்லை. உம்முடைய கேள்வி அப்படி அல்ல. கரைவலை என்றால் என்ன என்று உமக்கு உண்மையிலேயே தெரியாது. கடற்கரைப் பிள்ளைகளிடம் கேளும். ஒருவன் கரும்பலகையில் வெண்கட்டியால் கரையைக் கீறுவான். வள்ளம் வளைந்துபோய் வலையை விடுவதை இன்னொருவன் கீறுவான். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பதை "புல், புல்" என்று கையால் செய்து காட்டுவார்கள். மீன் சேரும் மடிக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்லுவது என்று தெரியாமல் "ரீச்சர், பிஷ் பாக்!" என்பாள் ஒருத்தி. திருத்தாமல் அதையே கரும்பலகையில் எழுதும். பிறகு "முதலில் என்ன, அடுத்தது என்ன?" என்று கேட்டு, அவர்கள் சொன்ன வினைச்சொற்களை வரிசையாக எழுதும். அன்றைய இலக்கணம் அதுவே. பதிலுக்கு அவர்கள் தமிழ்ச் சொல்லைத் தர, நீர் பிழையாக உச்சரிப்பீர். அவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிழை விட்டாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது என்பது அப்போது அவர்களுக்குத் தெரியும்.

படிப்பிக்க வந்தவர் மாணவர்களிடமும் படிப்பது புதிதல்ல. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் படிப்பித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். மேலைமருத்துவ நூல்களைத் தமிழாக்க அவரோடு உட்கார்ந்தவர்களில் அவரிடம் படித்தவர்களும் உண்டு. படிப்பிக்க வந்தவருக்கு அந்த வேலையில் மாணவர்களின் துணையும் தேவைப்பட்டது.

கடைசியாக ஒன்று. அந்தப் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே ஓர் ஆங்கில ரீச்சர் இருப்பா. உம்முடைய உச்சரிப்பைக் கேட்டுப் பிள்ளைகள் உம்மைச் சுற்றி நிற்பார்கள். அவவுக்கு அது சங்கடமாக இருக்கலாம். தனியாக வகுப்பு எடுக்காமல் அவவோடு சேர்ந்து எடும். எந்தப் பிள்ளையை எப்படித் தட்டிக்கொடுக்க வேண்டும் என்று அவவிடம் கேளும். கேள்வி கேட்கும் விதத்தை அவவுக்குக் காட்டும். நீர் சித்திரையில் விமானம் ஏறிவிடுவீர். அதற்குப் பிறகு அவவின் வகுப்பில் பிள்ளைகள் வாய் திறந்தால்தான் நீர் வந்ததில் பிரயோசனம்.

அன்புடன்,
சேர்
முள்ளியவளை