வலிக்கவில்லை என்று இருந்துவிடாதீர்கள்

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பலருக்கு வலிப்பதே இல்லை. ஆபத்தே அதில்தான். நாங்குநேரிப் பக்கம் குளக்கரையெல்லாம் எருக்கஞ்செடி. பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பூப்பறித்த கையாலேயே எங்கள் சித்தி முகத்து வியர்வையைத் துடைத்திருக்கிறார். அன்று இரவே தெருவிளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிந்தது. விடிந்ததும் எதிரில் நின்ற என் முகமே புகைமூட்டம்.

"வலிக்கவே இல்லய்யா, எதுக்குய்யா ஆஸ்பத்திரி?" என்றார். கெஞ்சித்தான் திருநெல்வேலிக்கு பஸ் ஏற்றினேன்.

எருக்கம்பாலுக்கு மரத்துப்போக வைக்கும் குணம் உண்டு. வலி தெரியாத அந்த நேரத்தில் அது கருவிழியின் உட்பக்கச் செல்களைத் தாக்குகிறது. கருவிழியில் ஊறும் நீரை வெளியேற்றுபவை அந்தச் செல்கள்தாம். அவை அடிபட்டால் கருவிழி நீர்கோத்துப் பார்வை மங்கும். ஸ்டீராய்டு சொட்டுமருந்தில் சித்திக்குப் பார்வை தெளிந்தது. ஆனால் செத்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. பால் பட்டால் உடனே சுத்தமான தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு, வலி வரட்டும் என்று காத்திராமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மிச்சமிருந்த அந்தச் சொட்டுமருந்தைப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார். அறுப்பில் நெல்தோகை குத்திக் கண் சிவந்திருந்தது. நான் கொடுக்க விடவில்லை. நெல்லும் இலையும் கீறிய புண்ணில் பூஞ்சை பிடிக்கும். ஸ்டீராய்டு விட்டால் சிவப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை செழிக்கும், கடைசியில் கண்ணில் பூ விழுந்துவிடும். பூஞ்சைக்கு நாட்டமைசின் என்று தனி மருந்து இருக்கிறது. புண்ணைச் சுரண்டிப் பார்த்துத்தான் அதைத் தருவார்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு, விளக்கெண்ணெய் எதையும் புண்ணுள்ள கண்ணில் விடவே விடாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் பாசத்தோடு சொன்னாலும்தான்.

ஊமத்தைச் சாறு பட்டாலும் கண்மணி விரிந்து கிட்டத்து எழுத்து கலங்கும். ஆஸ்பத்திரியில் அளந்து விடும் அட்ரோபின் அந்தச் செடியிலும் இருக்கிறது. எந்தச் செடி பட்டது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் விரிந்த கண்மணியைப் பார்த்து மூளையில் கோளாறோ என்று தேட வேண்டிவரும்.

வாயில் போடும் மாத்திரையும் கண்ணைத் தொடும். காசநோய்க்குத் தரும் எத்தாம்பூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கிறது. இதிலும் வலி இருக்காது. மிளகாய் வற்றலின் சிவப்பு வெளிறித் தெரிந்தாலோ, சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். மாத்திரை அட்டையோடு போய் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.