வெட்டப்படாத கால்

கால்விரல் கறுக்கும்போது கண்ணுக்குப் புலப்படுவது விரல் மட்டுமே. நோயின் வேரோ, பெரும்பாலும் தொடையிலோ கெண்டைக்காலிலோ ஓடும் தமனியில் இருக்கிறது. அதன் உட்சுவரில் ஆண்டுக்கணக்கில் படியும் கொழுப்பும் சுண்ணாம்பும் குருதியின் வழியைக் குறுக்கிவிடுகின்றன. தொடக்கத்தில் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் அடங்கும். பின்னர்ப் படுத்திருக்கும்போதும் பாதம் வலிக்கும். ஆறாத புண்ணும் அழுகலும் அதன் இறுதி நிலை. புகைபிடிப்போரையும் நீரிழிவு நோயாளரையும் இந்நோய் மிகுதியாகத் தாக்குகிறது.

1964ஆம் ஆண்டு, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் 82 வயது மூதாட்டி ஒருவரின் இடக்கால் இந்நிலையை எட்டியிருந்தது. காலை நீக்குவதே வழி என்றனர் மருத்துவர்கள். மூதாட்டி உடன்படவில்லை. மருத்துவ வரலாறு மருத்துவரின் பெயரையே முன்னிறுத்தும். ஆனால், இந்நிகழ்வு ஒரு நோயாளியின் மறுப்பிலிருந்தே தொடங்குகிறது.

அவர் கதிரியல் மருத்துவர் சார்லஸ் டாட்டரிடம் அனுப்பப்பட்டார். குருதிக்குழாய்களைப் படமெடுத்துத் தருவதே அக்காலக் கதிரியல் மருத்துவரின் பணி. நோயைத் தீர்ப்பது அறுவை மருத்துவரின் உரிமை. எனினும் முந்தைய ஆண்டில், படமெடுக்க டாட்டர் செலுத்திய வடிகுழாய் ஒன்று அடைபட்ட தமனியைத் தற்செயலாக ஊடுருவி வழிதிறந்திருந்தது. பிறர் விபத்தென ஒதுக்கக்கூடிய அதனை அவர் சிகிச்சையாகக் கண்டார்.

சனவரி 16 அன்று, மூதாட்டியின் தொடைத்தமனியில் இருந்த இடுக்கின் ஊடே மெல்லிய கம்பியொன்றைச் செலுத்தினார். கம்பியின்மீது ஒரு நுண்குழாயையும், அதன்மீது சற்றுப் பருத்த குழாயையும் தள்ளினார். படிவு சுவரோரம் ஒதுங்கியது. சில்லிட்ட பாதம் வெதுவெதுப்படைந்தது. முன்பே உயிரிழந்திருந்த மூன்று விரல்கள் தாமாக உதிர்ந்தன, கால் எஞ்சியது. இறக்கும்வரை அவர் தம் கால்களிலேயே நடந்தார்.

அமெரிக்க அறுவை மருத்துவர் பலர் இம்முறையை ஐயுற்றனர். ஐரோப்பியர் ஏற்று வளர்த்தனர். 1974இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், பருத்த குழாய்க்கு மாற்றாகச் சிறு பலூனைத் தமனிக்குள் விரியச் செய்தார். முழங்காலுக்குக் கீழே உள்ள தமனிகள் சில மில்லிமீட்டர் அகலமே உடையவை. இன்று அவற்றினுள்ளும் நுண்ணிய பலூன்கள் நுழைகின்றன. திறந்த வழி மீண்டும் குறுகுவதுண்டு. ஆயினும், புண் ஆறும்வரை குருதி பாய்ந்தாலே கால் பிழைக்க வாய்ப்புண்டு. இறந்த திசுவைத்தான் எந்தப் பலூனாலும் மீட்க இயலாது. ஆதலால், நீரிழிவு நோயாளியின் பாதத்தில் புண்ணைக் கண்ட மருத்துவர், புறங்காலில் விரல் வைத்து நாடித்துடிப்பைத் தேடுகிறார். துடிப்பு மங்கியிருந்தால், மருந்திட்டுக் கட்டுவதோடு நில்லாமல் தமனியையும் உடனே ஆய்ந்து பார்க்கிறார்.