தேடுபவர் எத்தனை பேர், போட்டிக்கு எத்தனை பேர்?



இறுதியாண்டு புராஜெக்ட் என்றால் நம் டிபார்ட்மெண்டில் பாதிப் பேர் ஏதாவது ஒரு கடைக்கு வெப்சைட் செய்வார்கள். நானும் அப்படித்தான். திண்டிவனத்தில் மரச்செக்கு வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஒரு தளம் செய்து கொடுத்தேன். டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் காசு கொடுத்தது அவர்தான். வைவாவில் நல்ல மார்க் வந்தது. மூன்று மாதம் கழித்து மாமா கேட்டார்: "ஏன் மாப்ளே, அதைப் பார்த்துட்டு ஒரு போன்கூட வரலையே?" எனக்குப் பதில் தெரியவில்லை. பதிலைத் தேடிப் போய்க் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது சிலபஸில் இல்லை.

பக்கத்தின் தலைப்பில் நான் போட்டிருந்தது "கடலை எண்ணெய்" என்ற இரண்டு சொற்கள் மட்டும். அதிகம் பேர் தேடும் சொல், அதனால் அதிகம் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். அதே சொல்லுக்குப் பெரிய கம்பெனிகளும், சமையல் தளங்களும், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் கடைகளும் முன்னால் நிற்கின்றன என்பதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பக்கம் எத்தனையாவது பக்கத்தில் கிடந்ததோ! அவ்வளவு தூரம் யார் புரட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

ஆக, பார்க்க வேண்டியவை இரண்டு. ஒரு சொல்லை மாதத்துக்கு எத்தனை முறை தேடுகிறார்கள்? அதே சொல்லுக்கு எத்தனை பக்கங்கள் போட்டியிடுகின்றன? இரண்டையும் ஒரே எண்ணாக்க 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமந்திர ராய் என்பவர் ஒரு சூத்திரம் சொன்னார். அதன் பெயர் கே.இ.ஐ. தேடல் எண்ணிக்கையை வர்க்கம் செய்து, போட்டிப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

வர்க்கம் எதற்கு, சும்மா வகுத்தால் போதாதா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. ஒரு சொல்லை 50 பேர் தேடுகிறார்கள், போட்டிப் பக்கங்கள் 500. இன்னொன்றை 5,000 பேர் தேடுகிறார்கள், போட்டி 50,000. சும்மா வகுத்தால் இரண்டுக்கும் 0.1. ஆனால் கடைக்காரருக்கு இரண்டும் ஒன்றா? வர்க்கம் செய்து வகுத்தால் முதலாவதற்கு 5, இரண்டாவதற்கு 500. கூட்டம் அதிகம் உள்ள பக்கம் தராசு சாய வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வர்க்கம்.

இப்போது மாமாவின் செக்குக்கு வருவோம். (கீழே உள்ள எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை, நிஜப் புள்ளிவிவரம் அல்ல.) "கடலை எண்ணெய்": தேடல் 5,000, போட்டி 5,00,000, கே.இ.ஐ. 50. "மரச்செக்கு கடலை எண்ணெய் திண்டிவனம்": தேடல் 60, போட்டி 60, கே.இ.ஐ. 60. "மல்லாட்டை எண்ணெய்": தேடல் 20, போட்டி 2, கே.இ.ஐ. 200!

மல்லாட்டை என்றால் என்ன என்று வெளிமாவட்ட நண்பர்கள் கேட்கலாம். மணிலாக்கொட்டை நம்ம ஊர் வாயில் மல்லாக்கொட்டையாகி, மல்லாட்டையாகி விட்டது. புத்தகத்தில் நிலக்கடலை, சென்னைக் கடையில் வேர்க்கடலை, விழுப்புரம் திண்டிவனம் பக்கம் மல்லாட்டை. பொருள் ஒன்று, கீவேர்டு மூன்று. நிலக்கடலையும் வேர்க்கடலையும் ஒன்று என்பது தேடுபொறிக்கு ஓரளவு தெரியும். மல்லாட்டையையும் சேர்த்துப் புரிந்துகொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது. நாம்தான் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.

ஊர்ப் பெயரிலும் இதே கதைதான். விழுப்புரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ரயில்வேக்காரர்கள் இரண்டு 'எல்', ஒரு 'பி' போடுகிறார்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் ஒரு 'எல்', இரண்டு 'பி'. 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது. அது நிலைத்திருந்தால் எத்தனை கடைக்காரர்கள் தங்கள் தளத்தைத் திருத்த வேண்டியிருந்திருக்கும்!

சரி, 200 வந்துவிட்டதே, மல்லாட்டைதான் ஜெயித்தது என்று துள்ளினேன். அங்கேதான் சூத்திரம் காலை வாரியது. 1,000 பேர் தேடி 5,000 பக்கங்கள் போட்டியிடும் சொல்லுக்கும் கே.இ.ஐ. 200-தான். ஆனால் அங்கே ஆயிரம் பேர், இங்கே இருபதே பேர். போட்டி மிகவும் குறைந்த இடத்தில் வகுக்கும் எண் சிறிதாகி, விடை ஊதிப் பெருத்து விடுகிறது. ஆளே இல்லாத ஊரில் டீக்கடை போட்டவருக்கும் போட்டி கிடையாது, இல்லையா?

இதைவிடப் பெரிய வம்பு அளவீட்டில் இருக்கிறது. ஃபிசிக்ஸ் லேபில் படித்தது நினைவிருக்கிறதா? ஓர் அளவை வர்க்கம் செய்தால் அதன் பிழை சதவீதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. தேடல் எண்ணிக்கையில் 10 சதவீதம் கூடிப்போனால் கே.இ.ஐ. 21 சதவீதம் கூடிவிடும். கூகுளின் கீவேர்டு பிளானர், விளம்பரத்துக்குப் பெரிதாகச் செலவு செய்யாதவர்களுக்குச் சரியான எண்ணைத் தருவதில்லை. "10 முதல் 100 வரை" என்று ஒரு வீச்சைத்தான் காட்டுகிறது. அதை வர்க்கம் செய்தால் 100 முதல் 10,000 வரை. போட்டி 60 என்று வைத்தால் கே.இ.ஐ. 1.7-ஆகவும் இருக்கலாம், 167-ஆகவும் இருக்கலாம். அந்தத் திண்டிவனம் கீவேர்டு "கடலை எண்ணெ"யின் 50-ஐ ஜெயிக்கிறதா தோற்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. மூன்று தசம இலக்கம் வரை எக்ஸெல்லில் போட்டு ரெக்கார்டில் எழுதுவதில் என்ன பயன்?

கூகுள் டிரெண்ட்ஸைப் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அது தருவது 0 முதல் 100 வரையிலான ஒப்பீட்டு அளவு, தேடியவர்களின் எண்ணிக்கை அல்ல. அதை இந்தச் சூத்திரத்தில் போடக்கூடாது. அதேபோல பிளானரில் 'காம்பெடிஷன்' என்று வரும் கட்டம் விளம்பரதாரர்களுக்குள் உள்ள போட்டி. பக்கங்களுக்குள் உள்ள போட்டி வேறு. நான் முதலில் இதில்தான் ஏமாந்தேன்.

பக்கங்களின் எண்ணிக்கையாவது நம்பத்தக்கதா? தேடினால் வரும் முடிவுகளின் எண்ணிக்கை ஒரு உத்தேசக் கணக்கு மட்டுமே. மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஒரு எண், 'ஆல்இன்டைட்டில்' போட்டுத் தேடினால் வேறொரு எண். பின்னது கொஞ்சம் உருப்படியானது. அந்தச் சொற்களைத் தலைப்பிலேயே வைத்தவர்களை மட்டும் அது காட்டும். ஆனாலும் எண்ணிக்கையைவிட யார் நிற்கிறார்கள் என்பதுதான் பெரிது. கவுன்சிலிங்கை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஆயிரம் பேர் விண்ணப்பம் போட்டார்கள் என்பதா நமக்குக் கவலை? நமக்கு மேல் மார்க் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்பதுதானே! ஆகவே அந்தச் சொல்லை நாமே தேடி, முதலில் வரும் பத்துப் பக்கங்களைத் திறந்து படிக்க வேண்டும். பத்தும் பெரிய கம்பெனியாக இருந்தால் கே.இ.ஐ. என்ன சொன்னாலும் ஒதுங்கிவிடலாம். இரண்டு மூன்று பக்கங்கள் பொருத்தமில்லாமல் இருந்தால் நமக்கு இடம் இருக்கிறது.

நான் பிறகு செய்தது இதுதான். கே.இ.ஐ.யை வைத்து உதவாத சொற்களை மட்டும் கழித்தேன். மிச்சத்துக்கு மாமாவின் செக்கில் இரண்டு நாள் உட்கார்ந்து, வருபவர்கள் எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று நோட்டில் குறித்தேன். "மல்லாட்டை எண்ணெ", "செக்கு எண்ணெ", "ஆட்டிக் குடுப்பீங்களா?" என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் உள்ள கேள்வி எந்த டூலிலும் வரவில்லை! விதைக்கு டி.எம்.வி. 7 இருக்கிறதா என்று கேட்டவரும் உண்டு. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள். இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிடும் ரகங்களுக்கு அந்தப் பெயர்தான். மாமா விதை விற்பதில்லை, அதனால் அதைச் சேர்க்கவில்லை. தேடுகிறார்களே என்று இல்லாத சரக்கின் பெயரைப் போட்டால், போன் வரும், கூடவே திட்டும் வரும்.

தலைப்பை "மரச்செக்கு மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய், திண்டிவனம்" என்று மாற்றினேன். ஆட்டிக் கொடுப்பதற்குத் தனிப் பக்கம் போட்டேன். கூகுள் மேப்பில் செக்கைப் பதிவு செய்தேன். முதல் போன் சென்னையிலிருந்து வந்தது. பேசியவருக்குச் சொந்த ஊர் செஞ்சிப் பக்கம். மல்லாட்டை என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் கூப்பிட்டாராம். ஐந்து லிட்டர் கேட்டார். மாமா இப்போது எள்ளையும் போடச் சொல்கிறார். நல்லெண்ணெய் என்று போடுவதா, எள்ளெண்ணெய் என்று போடுவதா என்று பார்க்க அடுத்த ஞாயிறு மறுபடி நோட்டோடு செக்கில் உட்காரப் போகிறேன்.