பக்கத்தில் இடி விழுந்த பிறகு: வீட்டுக் கரண்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய பின்னேரங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் கொழும்பில் இடி அதிகம். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கைகளில் ‘பிற்பகல் 2 மணிக்குப் பின்’ என்ற சொற்கள் அந்த மாதங்களில் அடிக்கடி வரும். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் ஒருமுறை தென்னை மரத்தில் இடி விழுந்தது. எங்கள் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை. ஆனால் ரவுட்டர் செத்துவிட்டது. ரீவி வேலை செய்தது, டிஷ் கேபிள் பொருத்தும் பெட்டி மட்டும் போய்விட்டது.

மின்னல் வீட்டின் மேலேயே விழ வேண்டியதில்லை. பல்லாயிரம் அம்பியர் பாயும்போது பக்கத்துக் கம்பிகளிலும் அலை எழும்பும். அது கரண்ட் வயர், டெலிபோன் வயர், டிஷ் கேபிள், எர்த் என்று எந்த வழியாகவும் உள்ளே வரலாம்.

முதலில் மணந்து பாருங்கள்

கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் போகும்வரை வயர்களைத் தொட வேண்டாம். கருகல் மணம் வந்தால் மட்டும், தரை ஈரமில்லாவிட்டால், உலர்ந்த செருப்போடு போய் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், 110ஐ அழையுங்கள். யாருக்காவது கரண்ட் அடித்திருந்தால் 1990.

பல்பு என்ன சொல்கிறது?

வீதி முழுக்க இருட்டென்றால் பழுது வெளியில். மின்பட்டியலிலுள்ள கணக்கிலக்கத்தை வைத்துக்கொண்டு 1987க்கு அறிவியுங்கள். (கரண்ட் போவதெல்லாம் மின்னலால் அல்ல. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடே இருண்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கைத்தான் எரிசக்தி அமைச்சர் கைகாட்டினார்.)

கரண்ட் இருந்தும் பல்பு வழக்கத்தைவிடப் பளிச்சென்று எரிந்தால், அல்லது மங்கிப்போய்ப் பக்கத்து வீட்டில் பளிச்சென்று எரிந்தால், உடனே மெயினை நிறுத்துங்கள். நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400 வரை ஏறக்கூடும். மின்னல் விட்டுவைத்த பிரிட்ஜை இது முடித்துவிடும்.

ட்ரிப் சுவிட்ச்: எல்லாரும் மறப்பது

‘ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது, பயமில்லை’ என்று படித்தவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிழை. போகும் கரண்டுக்கும் திரும்பும் கரண்டுக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் விழுவது அதன் வேலை. அது காப்பது உங்கள் உயிரை, ரீவியை அல்ல. மின்னல் அலை மைக்ரோ செக்கன்களில் முடிந்துவிடும். ட்ரிப் விழ மில்லி செக்கன்கள் வேண்டும்.

அதைவிட முக்கியமானது: அந்த அலையில் ட்ரிப் சுவிட்சே பழுதாகியிருக்கலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கரண்ட் இருக்கும்போது ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும், ரீவி அடுத்த மாதம் வரை காத்திருக்கட்டும். கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் பலகையில் பியூஸ் கட்டை மட்டும் இருந்தால், எரிந்த கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி சுற்றாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் போடக் கேளுங்கள்.

ஒவ்வொன்றாகப் போடுதல்

பிளக் எல்லாவற்றையும் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிரேக்கர்களைக் கீழே இறக்கி, மெயினையும் ட்ரிப்பையும் போட்டு, பிறகு பிரேக்கர்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது ட்ரிப் விழுகிறதோ அந்த வழியில்தான் கோளாறு. ஒன்றும் ஏற்றாமலே விழுந்தால் தொடாதீர்கள், வயரிங் பாஸைக் கூப்பிடுங்கள்.

பிறகு பொருட்கள். விலை குறைந்ததில் தொடங்குங்கள்: மேசை விளக்கு, ஃபேன், கடைசியில் பிரிட்ஜ், கொம்பியூட்டர். உறுமலோ சூடோ மணமோ இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பழுதுபார்க்கக் கொடுக்கும்போது

ரீவியை நீங்களே திறக்காதீர்கள். கழற்றிய பின்பும் உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ‘போர்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள்’ என்பவரிடம் பவர் போர்டா மெயின் போர்டா என்று கேளுங்கள். பவர் போர்ட் என்றால் பெரும்பாலும் திருத்தலாம். கழற்றிய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். உத்தரவாத அட்டையில் மின்னல் சேதம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். வீட்டுக் காப்புறுதி இருந்தால் திருத்துமுன் படமெடுத்து, திருத்துநரிடம் எழுத்தில் காரணம் வாங்கிவையுங்கள்.

இனிமேல்

அந்தத் தென்னைமர இடிக்குப் பிறகு எங்கள் எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு ரூபாய்க் குற்றியளவில் ஒரு வட்டத் துண்டு, பாதி கருகி வெடித்திருந்தது. வேரிஸ்டர் என்பது அதுதான். அலையைத் தான் வாங்கிக்கொண்டு சாகும். ஒருமுறை செத்தால் அந்தப் பெட்டி வெறும் எக்ஸ்டென்ஷன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ‘சேர்ஜ்’ என்று எழுதி விற்கும் சிலவற்றில் சிவப்பு விளக்கைத் தவிர எதுவுமில்லை. மெயின் போர்டிலேயே சேர்ஜ் தடுப்புக் கருவி பொருத்துவது மேல். ஆனால் எர்த் சரியில்லாத வீட்டில் அதனால் பெரிய பயனில்லை. கடற்காற்றில் எர்த் கவ்வி துருப்பிடிக்கும், ஆகவே அதன் தடையை அளக்கச் சொல்லுங்கள். தொடர்மாடியில் இருப்பவர்கள் கடைசியாக எப்போது அளந்தார்கள் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்கலாம்.

வானம் கறுக்கும்போதே பிளக்கையும் டிஷ் கேபிளையும் கழற்றுவதற்கு ஒரு சதமும் செலவில்லை. இதை வாசித்து முடித்ததும் அந்த டெஸ்ட் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கொம்பியூட்டரில் யாராவது வேலை செய்துகொண்டிருந்தால் முதலில் சொல்லிவிட்டு அழுத்துங்கள்.